கப்பல் டிக்கெட்டில் ஏறாத கூலி

மயாமியிலிருந்து ஏழு இரவுக் கரீபியன் பயணத்துக்கு விளம்பரத்தில் ஒரு விலை இருக்கும். ஊர் திரும்பியதும் கடன் அட்டைக் கணக்கில் வேறொரு விலை இருக்கும். இரண்டுக்கும் நடுவில் பயணி மல்லுக்கட்டுவது பெரும்பாலும் கேபினோடுதான். ஜன்னலே இல்லாத உள்கேபினில் ஒரு வாரம் தாங்குமா, கண்ணாடி வழியாகவாவது கடல் தெரிய வேண்டாமா, இன்னும் கொஞ்சம் போட்டால் பால்கனியே கிடைக்குமே, வாழ்நாளில் ஒரு தடவைதானே போகிறோம், சூட் எடுத்தால்தான் என்ன என்று கணக்கு ஏறிக்கொண்டே போகும். சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் மூன்று, நான்கு இரவுப் பயணங்கள் தமிழ்நாட்டுப் பயண முகவர்களின் பட்டியலில் வழக்கமாகிவிட்டன. கொர்டீலியா நிறுவனத்தின் ‘எம்பிரஸ்’ 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்தே புறப்படத் தொடங்கி, அடுத்த ஆண்டு அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கைக்கும் போனது. ஆகவே இது அமெரிக்க ஓய்வூதியர்களின் கவலை என்று ஒதுக்கிவிட முடியாது. எந்தக் கேபின் என்ற கேள்வி நியாயமானதுதான். ஆனால், அதற்கு விடை சொல்ல விடாத ஒரு விலை அமைப்பைக் கப்பல் நிறுவனங்கள் கட்டி வைத்திருக்கின்றன. அறையைக் கூட்டித் துடைப்பவரின், மேசையில் பரிமாறுபவரின் கூலியில் பெரும்பகுதி டிப்ஸ் என்ற பெயரில், நாள்தோறும் பயணியின் கணக்கில் தானாகச் சேரும் தொகையாக, டிக்கெட்டுக்கு வெளியே நிற்கிறது. அது உள்ளே வராதவரை, கேபினை உயர்த்துவது லாபமா நஷ்டமா என்று பயணி போடும் எந்தக் கணக்கும் பாதிக் கணக்குத்தான்.

இந்தத் தொழில் எங்கே சம்பாதிக்கிறது என்பதிலிருந்து தொடங்கலாம். உலகின் மிகப் பெரிய சொகுசுக் கப்பல் நிறுவனமான கார்னிவல், 2024ஆம் நிதியாண்டில் சுமார் 2,500 கோடி டாலர் வருவாய் ஈட்டியது. அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு டிக்கெட்டிலிருந்து வந்ததில்லை. மது, சூதாட்டம், வைஃபை, கரையோரச் சுற்றுலா, தனிக் கட்டண உணவகங்கள் என்று பயணி ஏறியபின் செலவழித்தவற்றிலிருந்து வந்தது. ராயல் கரீபியனின் விகிதமும் இதை ஒட்டியதே. அதாவது, டிக்கெட் விலை ஆளை உள்ளே அழைப்பதற்கான விலை. கப்பல் கிளம்பும் நேரத்தில் காலியாக இருக்கும் கேபினுக்கு மதிப்பு பூஜ்யம். அதில் ஒருவரைப் பாதி விலைக்கு ஏற்றினாலும் அவர் உள்ளே செலவு செய்வார். அதனால்தான் இந்தத் தொழிலில் நூறு விழுக்காட்டுக்கு மேல் நிரம்பிய கப்பல் சாதாரணம். கேபினுக்கு இருவர் என்பதுதான் அவர்களுடைய நூறு. 2024 ஜனவரியில் ஓடத் தொடங்கிய ‘ஐகான் ஆஃப் தி சீஸ்’ அந்தக் கணக்கில் 5,610 பேருக்கான கப்பல். மூன்றாவது, நான்காவது கட்டில்களையும் நிரப்பினால் 7,600 பேர் வரை ஏறலாம். தனியாகப் போகிறவர் பல கப்பல்களில் இருவருக்கான கட்டணத்தைத் தர நேர்வதும் இதே கணக்கால்தான். காலியான இரண்டாவது கட்டில் மது வாங்காது, சூதாடாது.

கேபின் உயர்வு இந்த இயந்திரத்தின் ஒரு பல்சக்கரம். முன்பெல்லாம் கடைசி நாளில் காலியாக இருந்த நல்ல கேபினை, அடிக்கடி வரும் பயணிக்கு இலவசமாகக் கொடுப்பது உண்டு. இப்போது அது ஏலத்துக்கு வருகிறது. ராயல் கரீபியனில் ‘ராயல்அப்’, நார்வீஜியனில் ‘அப்கிரேட் அட்வான்டேஜ்’ என்று பெயர்கள் மாறினாலும் முறை ஒன்றே. முன்பதிவு செய்தவருக்கு மின்னஞ்சல் வரும்: உங்கள் உள்கேபினிலிருந்து பால்கனிக்கு மாற எவ்வளவு தருவீர்கள்? நீங்கள் ஒரு தொகை சொல்கிறீர்கள். ஏற்பதும் மறுப்பதும் நிறுவனத்தின் விருப்பம். ஏற்றுவிட்டால் பணம் எடுக்கப்படும், திரும்பாது. எந்த டெக், எந்தப் பக்கம், எதற்கு மேலே, எதற்குக் கீழே என்பதை அவர்களே முடிவு செய்வார்கள். காட்டப்படும் தொகை ஒரு நபருக்கானது என்பதையும் பலர் கவனிப்பதில்லை. நூறு டாலர் என்று எழுதினால் இருவருக்கு இருநூறு. இதில் நிறுவனத்துக்கு இரட்டை ஆதாயம் உண்டு. நீங்கள் மேலே போனதும் நீங்கள் விட்டுப்போன மலிவான உள்கேபின் காலியாகிறது. மலிவான கேபினுக்குத்தான் கடைசி நேர வாடிக்கையாளர் அதிகம். சூட்டுக்கு மாறினால் தினசரி டிப்ஸ் விகிதமும் உயரும் என்பது ஏலப் பக்கத்தில் பெரிய எழுத்தில் வருவதில்லை.

இதனால் கேபின் உயர்வே வீண் என்று சொல்ல வரவில்லை. அறைக்கு உண்மையான மதிப்பு உண்டு. அது பாதையைப் பொறுத்தது. அலாஸ்காவின் கிளேசியர் விரிகுடாவிலோ நார்வேயின் ஃபியோர்டுகளிலோ கப்பல் பனிப்பாறைகளையும் செங்குத்து மலைகளையும் ஒட்டி மணிக்கணக்கில் மெல்ல நகரும். அங்கே சொந்த பால்கனி என்பது கொடுத்த காசுக்குக் கிடைக்கும் பொருள். கரீபியனில் பகலில் பெரும்பாலும் தீவில் இறங்கிவிடுகிறீர்கள். இரவில் பால்கனிக்கு வெளியே இருட்டு மட்டும்தான். கடல் பயணத்தில் தலைசுற்றும் என்று அஞ்சுபவருக்கு, மேல்தளத்தின் முன்முனையில் இருக்கும் விலையுயர்ந்த பால்கனியைவிடக் கீழ்த்தளத்தில் கப்பலின் நடுப்பகுதியில் இருக்கும் மலிவான கேபின் மேல். ஆட்டம் மிகக் குறைவாக உள்ள இடம் அதுதான். நீச்சல்குளத் தளத்துக்கு நேர் கீழே உள்ள கேபினில் விடியற்காலையில் நாற்காலிகளை இழுக்கும் சத்தம் கேட்கும். அரங்கத்துக்கு மேலே உள்ளதில் நள்ளிரவுவரை பாட்டு. இவற்றையெல்லாம் கப்பலின் தள வரைபடத்தைப் பார்த்தே அறிந்துகொள்ளலாம். இருப்பிடத்தை நிறுவனமே ஒதுக்கும் ‘உத்தரவாத’ கேபின் மலிவாகக் கிடைப்பதும், ஏலத்தில் இருப்பிடம் உங்கள் கையில் இல்லாததும் இதனால்தான் முக்கியமாகின்றன. அறையில் விலை மதிப்புள்ள பகுதி அது இருக்கும் இடம். ஏலத்தில் விற்கப்படுவதோ அறையின் வகை.

இனி சேவைக்கு வருவோம். அட்லாண்டிக்கைக் கடந்த பழைய பயணிக் கப்பல்களில் முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு என்று வேலியே இருந்தது. ஜெட் விமானம் அந்தத் தொழிலை 1960களில் கரை ஒதுக்கிவிட்டது. 1972இல் டெட் ஆரிசன் தொடங்கிய கார்னிவல் போன்ற நிறுவனங்கள் அதற்குப் பிறகு விற்றது வகுப்பில்லாக் கொண்டாட்டத்தை: எல்லாருக்கும் ஒரே குளம், ஒரே சாப்பாட்டுக் கூடம், அறை மட்டும் வேறு. இன்று வேலி திரும்பி வந்துவிட்டது. எம்எஸ்சி 2008இல் தொடங்கிய ‘யாட் கிளப்’, நார்வீஜியனின் ‘ஹேவன்’ ஆகியவை கப்பலுக்குள் ஒரு கப்பல். தனி உணவகம், தனி வெயில்தளம், தனிப் பணியாளர், சாவி அட்டை இருந்தால்தான் கதவு திறக்கும். ‘குயின் மேரி 2’இல் எந்தச் சாப்பாட்டுக் கூடத்தில் உட்காரலாம் என்பதையே கேபின் வகைதான் தீர்மானிக்கிறது. பணம் இருப்பவர் அதற்குச் செலவழிப்பதில் நமக்கென்ன குறை? கவனிக்க வேண்டியது மறுமுனை. பெருந்தொற்றுக்குப் பின் 2023 வாக்கில் ராயல் கரீபியனும் நார்வீஜியனும் சாதாரண கேபின்களை ஒரு நாளைக்கு இரண்டு முறை ஒழுங்குபடுத்தும் வழக்கத்தை ஒரு முறையாகக் குறைத்தன. சூட்களில் இரண்டு முறை தொடர்ந்தது. அதே காலத்தில் தினசரி டிப்ஸ் தொகை ஏறியது. நேற்றுவரை எல்லாருக்கும் கிடைத்தது இன்று ‘உயர்வு’ என்ற பெயரில் விற்கப்படும்போது, பயணி எதற்காகக் கூடுதல் பணம் தருகிறார் என்பதே குழம்பிப்போகிறது.

அந்த டிப்ஸ் தொகை சிறியதும் இல்லை. பெரிய அமெரிக்க நிறுவனங்களில் இது இப்போது ஒருவருக்கு ஒரு நாளைக்குச் சுமார் 16 முதல் 20 டாலர். சூட் என்றால் அதற்கும் மேல். நாளுக்கு 18 டாலர் என்று வைத்துக்கொண்டால் நால்வர் குடும்பம் ஏழு இரவுக்குத் தருவது 504 டாலர். கைக்குழந்தைக்கும் சில கப்பல்களில் விலக்கு இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவுகோல் சொல்கிறேன். சர்வதேச தொழிலாளர் அமைப்பின் வழியாக நிர்ணயிக்கப்படும் குறைந்தபட்ச அடிப்படை ஊதியம், தேர்ச்சி பெற்ற மாலுமிக்கு 2025இல் மாதம் 673 டாலர். கேபின் பணியாளர் அந்த வகைக்குள் நேராக வருவதில்லை. ஆனாலும் ஒரே குடும்பம் ஒரு வாரத்தில் செலுத்தும் டிப்ஸ், ஒரு மாலுமியின் மாதக் குறைந்தபட்ச ஊதியத்தில் முக்கால் பங்கு என்பது எதையோ சொல்கிறது. பயணி தருவது ஊக்கத்தொகை இல்லை, சம்பளப் பட்டியலுக்கான பணமே. அந்தப் பட்டியலில் இருப்பவர்கள் பெரும்பாலும் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, இந்தியா போன்ற நாடுகளிலிருந்து ஆறு முதல் ஒன்பது மாத ஒப்பந்தத்தில் வருபவர்கள். வார விடுமுறை கிடையாது. 2006இல் நிறைவேறி 2013இல் நடைமுறைக்கு வந்த கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, வாரத்துக்கு 72 மணி நேர வேலையை உச்சவரம்பாகவோ 77 மணி நேர ஓய்வைக் குறைந்தபட்சமாகவோ வைக்க அனுமதிக்கிறது. இரண்டாவது அளவைப் பிடித்துக்கொண்டால் வாரம் 91 மணி நேரம்வரை வேலை வாங்கலாம். கப்பல்கள் பறக்கவிடுவது பஹாமாஸ், பனாமா, பெர்முடா, மால்டா கொடிகளை. நிறுவனங்களோ லைபீரியா, பெர்முடா போன்ற நாடுகளில் பதிவானவை. மயாமியில் அலுவலகம் இருந்தும் அமெரிக்கக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் அந்தத் தளங்களில் செல்லாது.

இங்கேதான் கணக்கின் முடிச்சு இருக்கிறது. ஒரு கட்டணம் கட்டாயமானது என்றால் அதை விளம்பர விலையில் சேர்க்கச் சொல்லலாம். டிப்ஸ் கட்டாயம் இல்லை. பயணி கப்பலின் வரவேற்பு மேசைக்குப் போய் அதைக் குறைக்கச் சொல்லலாம், நீக்கவும் சொல்லலாம். சிலர் சொல்லவும் செய்கிறார்கள். ஆக, பணியாளரின் வருமானம் உறுதியற்றதாக இருப்பதுதான், அது விலைப்பட்டியலுக்கு வெளியே நிற்பதற்கான சட்ட நியாயம். அவர் எவ்வளவு நிச்சயமின்மையில் இருக்கிறாரோ, விளம்பரத்தில் உள்ள எண் அவ்வளவு சிறியதாகத் தெரிகிறது. கேபினை உயர்த்தலாமா என்று யோசிக்கும் பயணி அந்தச் சிறிய எண்ணோடுதான் ஏலத்தொகையை ஒப்பிடுகிறார்; ‘இவ்வளவு மலிவாகக் கிடைத்திருக்கிறதே, மிச்சத்தில் பால்கனி எடுக்கலாம்’ என்று தோன்றுகிறது. மிச்சம் என்று அவர் நினைத்தது ஏற்கெனவே வேறொருவரின் கூலி.

மாற்றம் முடியாததா? கலிஃபோர்னியாவில் மறைகட்டணங்களுக்கு எதிரான சட்டம் 2024 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதுவரை பல ஆண்டுகளாக வரியையும் துறைமுகக் கட்டணத்தையும் கடைசிப் பக்கத்தில் சேர்த்துவந்த பெரிய கப்பல் நிறுவனங்கள், கிட்டத்தட்ட ஒரே நாளில் அமெரிக்கா முழுவதற்கும் முழு விலையைக் காட்டத் தொடங்கின. தொழில் சாய்ந்துவிடவில்லை, கார்னிவலின் வருவாய் அந்த ஆண்டு அதுவரை இல்லாத உச்சத்தைத் தொட்டது. டிப்ஸ் மட்டும், கட்டாயமில்லை என்ற அந்த ஓட்டை வழியாக, வெளியே தங்கிவிட்டது. அதையும் உள்ளே கொண்டுவந்தவர்கள் உண்டு. பிரிட்டனின் பி அண்ட் ஓ குரூசஸ் 2019இல் தினசரி சேவைக் கட்டணத்தைத் தனியாக வசூலிப்பதைக் கைவிட்டது. அது மேட்டுக்குடிக் கப்பல் இல்லை. பிரிட்டிஷ் நடுத்தரக் குடும்பங்கள் போவது. மறுகோடியில் ரீஜன்ட், சில்வர்சீ, சீபோர்ன் போன்ற மிக உயர்ந்த விலைக் கப்பல்களிலும் டிப்ஸ் கட்டணத்துக்குள்ளேயே அடக்கம். அள்ளிக் கொடுக்கக்கூடியவரிடம் தனியாகக் கேட்பதில்லை, எண்ணி எண்ணிச் செலவழிப்பவரிடம்தான் கேட்கிறார்கள் என்பது இந்தத் தொழிலின் வேடிக்கைகளில் ஒன்று.

எதிர்வாதங்கள் வலுவில்லாதவை என்று சொல்லமாட்டேன். டிப்ஸ் இருந்தால்தான் சேவை ஒழுங்காக இருக்கும் என்பது முதலாவது. மேசையில் வைத்துவிட்டு வரும் காசுக்கு இது பொருந்தலாம். இங்கே நடப்பது வேறு. தொகை முன்கூட்டியே தானாகப் பிடிக்கப்படுகிறது, பலருக்கிடையே பங்கு பிரிக்கப்படுகிறது, நன்றாகக் கவனித்தவருக்கும் கவனிக்காதவருக்கும் ஒரே விகிதம். ஊக்கம் என்ற அம்சம் எப்போதோ ஆவியாகிவிட்டது. மனம் நிறைந்து தனியாக ஏதாவது கொடுக்க விரும்புபவரை யாரும் தடுக்கப்போவதில்லை. இரண்டாவது, மலிவு டிக்கெட்தான் கடலைச் சாதாரண மக்களுக்குத் திறந்துவிட்டது, விலையை ஏற்றிக் காட்டினால் அவர்கள் ஓடிவிடுவார்கள் என்பது. சாதாரண மக்களுக்குத் திறந்தது உண்மை. 2023இல் மட்டும் 3 கோடிக்கு மேற்பட்டோர் கப்பலேறினார்கள். ஆனால், அவர்கள் இறுதியில் கொடுக்கும் தொகை மாறப்போவதில்லை, அது எப்போது தெரியவருகிறது என்பதுதான் மாறும். மெஸ்ஸில் சாப்பாட்டு விலையைப் பலகையில் எழுதிவிட்டு, இலையை மடிக்கும்போது பரிமாறியவருக்கு இவ்வளவு என்று நீட்டினால், அந்தப் பலகையை மலிவு என்று யாரும் புகழமாட்டார்கள். இணையத்தில் விலை வரிசைப்படி ஒப்பிட்டு வாங்கும் காலத்தில் ஒரு நிறுவனம் மட்டும் நேர்மையாக இருந்தால் பட்டியலில் கீழே போய்விடும் என்பது மெய்யான சிக்கல். எல்லாருக்கும் ஒரே விதி வேண்டும் என்பதற்கு அதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை.

மூன்றாவது வாதம், அந்தப் பணியாளர்கள் சொந்த ஊரில் கிடைப்பதைவிட அதிகம் சம்பாதிக்கிறார்கள், அவர்களே விரும்பி வருகிறார்கள் என்பது. ஆம், வருகிறார்கள், கப்பல் சம்பளத்தில் எழும்பிய வீடுகள் கோவாவிலும் கேரளத்திலும் உண்டு. ஆனால், கூலி எவ்வளவு என்பதற்கும் அது யார் தயவில் நிற்கிறது என்பதற்கும் இது பதில் ஆகாது. நான்காவதாக வரும் வாதம் மற்ற மூன்றையும்விடக் கடினமானது: டிப்ஸைக் கட்டணத்துக்குள் கொண்டுவந்தால் அந்தப் பணம் பணியாளருக்குப் போகாமல் நிறுவனத்தின் லாபத்தில் கரைந்துவிடாதா? கரையக்கூடும். முழு விலையைக் காட்டச் சொல்லும் சட்டம் மட்டும் பணியாளரைக் காப்பாற்றாது. ஆனால், கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கைப்படி ஒவ்வொரு பணியாளருக்கும் எழுத்துபூர்வ வேலை ஒப்பந்தம் இருக்க வேண்டும், ஊதியம் அதில் குறிக்கப்பட வேண்டும், துறைமுக நாடுகள் அதைச் சோதிக்கலாம். உள்ளே வரும் தொகை அந்த ஒப்பந்தத்தில் உறுதி ஊதியமாக ஏறினால்தான் இந்த மாற்றத்துக்கு அர்த்தம். கொடி நாடுகளிடம் இதை எதிர்பார்ப்பது வெகுளித்தனம். அவை கப்பல்களைப் பதிவுக்கு ஈர்ப்பதே குறைந்த நிபந்தனைகளைக் காட்டித்தான். துறைமுகம் உள்ள நாடுகளிடம், பயணி டிக்கெட் வாங்கும் நாடுகளிடம் கேட்பதே நடைமுறை. ‘பயணியே எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துக்கொள்ளட்டுமே’ என்பவர்களும் உண்டு. கூட்டலாம்தான். வரி, துறைமுகக் கட்டணம், டிப்ஸ், ஏலத்தொகை, ஏலத்தால் உயரும் டிப்ஸ் என்று தேடித் தேடிக் கூட்டத் தெரிந்தவருக்கு ஒரு விலை, தெரியாதவருக்கு ஒரு விலை என்பதுதான் அதன் பொருள். விதி மாறும்வரையிலாவது, ஏலத்தில் கைவைக்கும் முன் எல்லாவற்றையும் சேர்த்து ஓர் இரவுக்கு ஒருவருக்கு எவ்வளவு ஆகிறது என்று வகுத்துப் பார்ப்பது நல்லது. பல பால்கனிகள் அந்த வகுத்தலிலேயே அழகிழந்துபோகும்.

நமக்குப் பழக்கமே இல்லாத எதையும் இதில் கேட்கவில்லை. பிஸ்கட் பொட்டலத்திலிருந்து பற்பசைவரை எல்லா வரிகளும் உட்பட்ட அதிகபட்ச சில்லறை விலை அச்சடிக்கப்பட்டிருக்கும் நாடு இது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், உணவகங்கள் பில்லில் தாமாகச் சேவைக் கட்டணம் சேர்க்கக் கூடாது என்று 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதிசெய்தது. ஊழியருக்குக் கூடுதலாகத் தர வேண்டுமென்றால் உணவின் விலையில் வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் அதன் சாரம். முதலில் சிறிய விலையைக் காட்டி, வாங்கும் கட்டத்தில் ஒவ்வொன்றாகச் சேர்ப்பதை, இணைய வணிகத்தில் தடுக்கப்பட வேண்டிய 13 ஏமாற்று உத்திகளில் ஒன்றாக அதே ஆணையம் 2023 நவம்பரில் பட்டியலிட்டிருக்கிறது. இன்னொரு பக்கம், 2029க்குள் கப்பல் சுற்றுலாப் பயணிகளின் எண்ணிக்கையை இரட்டிப்பாக்குவோம் என்று ஒன்றிய அரசு 2024 செப்டம்பரில் ‘குரூஸ் பாரத்’ இயக்கத்தைத் தொடங்கியது. வரும் கப்பல்களுக்கு நம் துறைமுகங்களில் இடம் ஒதுக்கப்போகிறோம், கட்டணச் சலுகைகளும் பேசப்படும். அந்தப் பேச்சுவார்த்தையில் இரண்டு நிபந்தனைகளை இப்போதே வைக்கலாம்: இந்தியாவில் விற்கும் ஒவ்வொரு டிக்கெட்டிலும் வரி, துறைமுகக் கட்டணம், சேவை ஆகிய மூன்றும் சேர்ந்த ஒரே விலை, அந்தச் சேவைத் தொகை பணியாளரின் ஒப்பந்தத்தில் உறுதி ஊதியமாக இருப்பதற்கான சான்று. கப்பல்கள் பெருமளவில் வந்து சேர்ந்தபின் இதைக் கேட்டால், கலிஃபோர்னியாவைப் போல நாமும் பாதியைத்தான் பெறுவோம்.